செங்காய்ச்சல் என்று ஒரு சொல்

டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் சுபாஜினி முதலில் செய்த காரியம், மகளின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுதான். ஒரு கண்ணைப் பார்த்தாள். பிறகு மற்றக் கண்ணை. குழந்தை சிணுங்கித் தலையை உதறியது.

நான் இரண்டடி தள்ளி, மொழிபெயர்ப்பாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் அப்படிப் பார்த்ததை நானும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வேலையில், கேட்காமல் இருப்பது ஒரு நல்ல பழக்கம் என்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சென்ற வாரம், கனடாவில் மார்க்கம் நகரில் எங்கள் வீட்டு அடித்தளத்துக்குள் தண்ணீர் வந்த கதையை எழுதியபோது, பல வாசகர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரக் கதை அப்படிப்பட்டதல்ல. சில ஆண்டுகளாக எழுதாமல் தள்ளிவைத்திருந்தேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, பெயர்களை மாற்றிக்கொண்டு, இப்போது எழுதுகிறேன்.

டோர்செட் பார்க், திங்கட்கிழமை

குளிர்காலம் முடிவதாகப் பாவனை காட்டிவிட்டு மறுபடி தொடங்கும் மாதம் அது. டோர்செட் பார்க்கில், பழைய அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சின்ன மருத்துவ நிலையம். நடைபாதை முழுக்க உப்பு தூவியிருந்தார்கள். எல்லோருடைய பூட்ஸிலும் வெள்ளைக் கறை.

குழந்தையின் பெயர் ஆரணி. வயது ஆறு. உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது. டாக்டர் என் கையையும் பிடித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. கன்னம் இரண்டும் சிவப்பு, வாயைச் சுற்றி மட்டும் வெளுப்பு. நாக்கை நீட்டச் சொன்னபோது அது ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேற்புறம் போல் புள்ளி புள்ளியாக இருந்தது.

தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டெடுத்துச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: ஸ்கார்லெட் ஃபீவர். பெயர்தான் பயமுறுத்தும், பத்து நாள் மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், காலையும் மாலையும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெயரைத் தமிழில் சொல்ல எனக்கு இரண்டு விநாடி இருந்தது. செம்மை, காய்ச்சல். மகரம் ககரத்துக்கு முன்னால் ஙகரமாகும். செங்காய்ச்சல். வாயிலிருந்து வந்ததும் எனக்கே அது பிடித்துப்போயிற்று. அழகாக, சுருக்கமாக, பிறமொழிக் கலப்பில்லாமல்.

சுபாஜினியின் முகம் மாறியது. கண் இமையை இழுத்துப் பார்த்தது அப்போதுதான். பிறகு கேட்டாள்:

“இது இஞ்சையும் வாறதோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். இந்தக் குளிர்காலத்தில் நிறையக் குழந்தைகளுக்கு வருகிறது என்றார் டாக்டர்.

“மருந்து ஈரலுக்குக் கூடாதெல்லோ?”

இந்த மருந்து கல்லீரலைக் கெடுக்காது, கைக்குழந்தைக்குக்கூடக் கொடுக்கிறோம் என்றார்.

“உப்பு, எண்ணெய் சேர்க்கலாமோ?”

டாக்டர் லேசாகச் சிரித்தார். தொண்டையில் எது இறங்குமோ அதைக் கொடுங்கள் என்றார்.

சுபாஜினி தலையாட்டினாள். மருந்துச் சீட்டை வாங்கி நான்காக மடித்தாள். நான் கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் கொண்டுபோனேன். பதில்களை அப்படியே கொண்டுவந்தேன். இன்று அந்த உரையாடல் முழுவதையும் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சொல்லைத் தவிர எதிலும் குறை காண முடியவில்லை.

எனக்கு வருத்தம்

நான் மதுரைக்காரி. கணவரின் வேலையோடு கனடாவுக்கு வந்தவள். மார்க்கத்தில் வீடு, மாலை நான்கு மணிக்குப் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் மகன், பகலில் ஏராளமான நேரம். தமிழும் ஆங்கிலமும் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பு வேலைக்குத் தேர்வெழுதினேன். நல்ல மதிப்பெண். அந்தத் தேர்வில் யாழ்ப்பாணப் பேச்சு பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

முதல் வாரத்திலேயே அடி விழுந்தது. பெரியவர் ஒருவர் டாக்டரிடம், “எனக்கு ரெண்டு மாசமா வருத்தம்” என்றார். இரண்டு மாதமாக மனம் சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, தூக்கம் எப்படி, உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பிள்ளை, எனக்கு முழங்கால்லதான் வருத்தம்.”

அங்கே வருத்தம் என்றால் நோய். நோய் மாறிவிட்டது என்றால் குணமாகிவிட்டது. எங்கள் செம்பருத்தி அவர்களுக்குச் செவ்வரத்தை. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். ஓராண்டுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. நிறைந்ததும், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சொல் பைத்தியம் எனக்கு முன்பே உண்டு. மதுரையில் ஓர் அச்சகத்தில், அகராதி ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். சகர வரிசை முழுக்க என் மேசையைத் தாண்டித்தான் போயிற்று. சிவப்பைப் பற்றிய சொற்களில் பெரும்பகுதி சகரத்தில்தான் இருக்கிறது.

துணியின் பெயர்

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் மகனுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு, ஸ்கார்லெட் என்ற சொல்லைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தேன். நானே ஆக்கிய சொல்லின் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

ஸ்கார்லெட் என்பது முதலில் நிறத்தின் பெயரே இல்லை. அது ஒரு துணி. ஐரோப்பாவில் பணக்காரர்கள் உடுத்திய உயர்ந்த கம்பளித் துணி. அதில் நீலமும் உண்டு, பச்சையும் உண்டு. மிக உயர்ந்த ரகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். பிறகு துணியின் பெயர் சாயத்துக்கு ஒட்டிக்கொண்டது. துணி போய்விட்டது, நிறம் நின்றுவிட்டது. சொல்லின் வேர் பாரசீகம் என்கிறார்கள் சிலர், அரபு என்கிறார்கள் சிலர். அந்தச் சண்டை முடிந்ததாகத் தெரியவில்லை.

படித்துக்கொண்டே வந்தபோது ஒரு பழைய மெய்ப்புத் தாள் நினைவுக்கு வந்தது. சகலாத்து. கம்பளித் துணி வகை என்று பொருள் போட்டு, பாரசீகத்திலிருந்து வந்தது என்று குறித்திருந்த சொல். கப்பலேறியோ குதிரையேறியோ அதே துணி நம் ஊருக்கும் வந்து, பெயரையும் கொண்டுவந்திருக்கிறது. நாம் அதைத் துணியாகவே வைத்துக்கொண்டோம். அவர்கள் நிறமாக்கிக்கொண்டார்கள்.

சாயத்தின் கதை இன்னும் விநோதம். அந்தச் சிவப்பு ஒரு பூச்சியிலிருந்து எடுத்தது. கருவாலி என்னும் ஓக் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பூச்சி. அதைக் காயவைத்து அரைத்தால் சிவப்பு. அந்தப் பூச்சிக்குப் பாரசீகத்தில் இருந்த பெயருக்கும் வடமொழியின் கிருமிக்கும் ஒரே வேர். ஆங்கிலத்தில் ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் கிரிம்சன் அந்த வழியில் பிறந்த சொல். இன்னொரு சிவப்பான வெர்மிலியனும் லத்தீனில் குட்டிப் புழு என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் அரக்குச் சிவப்பும் மரக்கிளையில் பூச்சி கட்டும் பிசினிலிருந்து வருவதுதான். கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள் அரக்குக் கலர் என்று கேட்கும்போது பூச்சியை யார் நினைக்கிறார்கள்?

தமிழின் சொந்தச் சிவப்பு வேறு வகை. செம்மை என்றால் சிவப்பு, செம்மை என்றால் நேர்மை. செங்கல்லும் செம்மண்ணும் நிறத்தால் வந்த பெயர்கள். செங்கோல் சிவப்புக் கோல் அல்ல, வளையாத கோல். செங்குத்து என்றால் நேராக நிற்பது. செம்பொன் என்று சொல்கிறோம். பொன்னின் மஞ்சளும் பழந்தமிழ்க் கண்ணுக்குச் சிவப்பின் பக்கத்து வீடு.

இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்றார். செங்காய்ச்சல் என்று சொன்னதைப் பற்றியும் சொன்னேன். “நல்லாருக்கே” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதே நேரத்தில், என் வீட்டிலிருந்து இருபது நிமிடக் கார் தூரத்தில், ஆரணியின் மருந்துப் புட்டி குளிர்சாதனப் பெட்டியின் கதவில், திறக்காமல் நின்றுகொண்டிருந்தது.

ஜெயந்தி கோப்பையை வைத்தாள்

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கும் ஜெயந்திக்கும் ஸ்காபரோவில் அடுத்தடுத்த கட்டடங்களில் வேலை. முடித்துவிட்டு காப்பிக் கடைக்குப் போனோம். ஜெயந்தி பருத்தித்துறைக்காரி, என் வயதுதான், என்னைப் போலவே மருத்துவ மொழிபெயர்ப்பாளர். என்னை ‘நீர்’ என்று கூப்பிடுவாள். முதலில் அது எனக்கு நாடக வசனம் போல் இருந்தது. அது சிநேகிதத்தின் சொல் என்று பிறகு புரிந்துகொண்டேன்.

சொல் கதைகளைப் பெருமையோடு எடுத்துவிட்டேன். சகலாத்து, கிருமி, அரக்கு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக என் சொல்லைச் சொன்னேன். ஸ்கார்லெட் ஃபீவர் என்பதற்குத் தமிழில் செங்காய்ச்சல்.

ஜெயந்தி கோப்பையை மேசையில் வைத்தாள்.

“நீர் உதை ஆருக்குச் சொன்னனீர்?”

“பேஷண்ட் பேரைச் சொல்லக் கூடாதே.”

“பேர் வேண்டாம். எங்கட ஆக்களோ, உங்கட ஆக்களோ?”

“உங்க ஆளுங்கதான். ஒரு சின்னக் குழந்தையோட அம்மா.”

“செங்கமாரி எண்டு கேள்விப்பட்டிருக்கிறீரோ?”

“இல்ல.”

“எழுதேக்க செங்கண்மாரி. கதைக்கேக்க செங்கமாரி. உங்கட ஊரில மஞ்சள் காமாலை எண்டு சொல்லுவீங்கள். ஈரல் வருத்தம்.”

“நான் செங்காய்ச்சல்னுதானே சொன்னேன்?”

“செங்காய்ச்சல் எண்டு ஒரு வருத்தம் எங்கட சனம் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். டொக்டர் முன்னால இருக்கிறா. நீர் ‘செங்க’ எண்டு துடங்கினா, மிச்சத்தைக் காது தானாப் போட்டுக்கொள்ளும்.”

இமையை இழுத்துப் பார்த்த கட்டைவிரல் என் கண்முன் வந்தது. மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறாள். ஈரலைப் பற்றிக் கேட்டது, உப்பையும் எண்ணெயையும் கேட்டது எல்லாம் அதற்காகத்தான்.

“செங்கமாரின்னு நினைச்சா அந்த மருந்தைக் கொடுப்பாங்களா?”

“கனபேர் குடுக்க மாட்டினம்,” என்றாள் ஜெயந்தி. “இங்கிலீஷ் மருந்து ஈரலை எரிச்சுப்போடும் எண்டு பயம். கீழ்க்காய்நெல்லிதான் கரைச்சுக் குடுப்பினம். எப்ப நடந்தது?”

“திங்கட்கிழமை.”

ஜெயந்தி எழுந்து என் கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புவது

எங்களுக்கு விதிகள் உண்டு. நோயாளியின் தொலைபேசி எண்ணை வைத்திருக்கக் கூடாது. குறிப்புத் தாளை வேலை முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். தொழிலுக்கு வெளியே தொடர்பு கூடாது. எல்லாம் நியாயமான விதிகள். நான் எல்லாவற்றையும் கடைப்பிடித்திருந்தேன். அதனால் சுபாஜினியை எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தை அழைத்தேன். தவறு நடந்திருந்தால் படிவம் நிரப்புங்கள், மூன்று வேலை நாளில் பார்ப்பார்கள் என்றார் பேசியவர். அன்று வெள்ளி. மருத்துவ நிலையத்துக்கு அழைத்தால் காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே காரை எடுத்தேன்.

டாக்டர் அன்று வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் திங்கட்கிழமை வாருங்கள் என்றார். நான் நகரவில்லை. திங்கட்கிழமை நான் மொழிபெயர்த்ததில் ஒரு பிழை இருக்கிறது, அந்தக் குழந்தை மருந்தில்லாமல் இருக்கலாம் என்று மறுபடி மறுபடி அதையே சொன்னேன். கடைசியில் உள்ளேயிருந்து நர்ஸ் வந்தார். பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் சொன்னதை ஒருமுறைதான் கேட்டார். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

முதல்முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை, “ஹலோ, ஆர்?”

நர்ஸ் பேசினார். நான் தமிழில் சொன்னேன். ஆரணி எப்படி இருக்கிறாள், மருந்து இரண்டு வேளையும் போகிறதா?



“வாங்கினனான். பிரிட்ஜில இருக்கு. குடுக்கேல்லை.”

ஏன் என்று நர்ஸ் கேட்டார்.

“செங்கமாரிக்கு உதைக் குடுத்தா ஈரல் போயிடும். என்ர தம்பி அப்பிடித்தான் செத்தவன். நான் கீழ்க்காய்நெல்லிப் பவுடர் கரைச்சுக் குடுக்கிறன். இண்டைக்கு அதையும் விழுங்கிறாள் இல்லை. தண்ணியும் இல்லை. காலமை துடக்கம் எச்சிலை வெளியில விடுறாள்.”

எதிரே இருப்பவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். என் தம்பி அப்படித்தான் செத்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குத் தம்பி இல்லை. 

“கல்லீரல் நோயா? யார் சொன்னது?” என்று கேட்டார் நர்ஸ்.

மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் படர்க்கையில் சொல்வது எங்கள் வழக்கம். அதன்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்: மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புவது, நோயின் பெயரை மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொல்லிவிட்டார். தமிழில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

“சுபாஜினி, நான்தான் பேசுறேன், திங்கட்கிழமை வந்தவ. ஆரணிக்கு செங்கமாரி இல்ல. ஈரல்ல ஒண்ணும் இல்ல. தொண்டைல கிருமி. அந்த மருந்துதான் அதுக்கு மருந்து. நான் சொன்ன வார்த்தை தப்பு.”

அந்தப் பக்கம் குழந்தை முனகுவது கேட்டது.

“அப்ப மஞ்சளாகாதோ?”

“ஆகாது.”

“நான் நாலு நாளாக் கண்ணைப் பாத்துக்கொண்டு இருந்தனான். மஞ்சளாகேல்லை, இன்னும் நேரம் இருக்கு எண்டு.”

நர்ஸ் குறுக்கிட்டு வேகமாகக் கேட்டார். வாயைத் திறக்க முடிகிறதா? பாதிதான். மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா? இல்லை. கழுத்து? ஒரு பக்கம் வீக்கம். இங்கே வர வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சில் சத்தம் கேட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள் என்றார்.

சுபாஜினியின் கணவருக்குத் தூரத்தில், பிராம்ப்டன் நகரில், ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. கார் அவரிடம். வேலை நேரத்தில் போன் லாக்கரில். டாக்சி கூப்பிடுகிறேன் என்றாள், எந்த நம்பர் என்று கேட்டாள், பிறகு அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே தன் கட்டட எண்ணைச் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி.

“நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றேன்.

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் கார் சாவியை எடுத்ததைப் பார்த்தார். “உங்களுக்கு அனுமதி இல்லை, தெரியுமல்லவா?” என்றார். தெரியும் என்றேன். அவர் மருத்துவமனைக்குக் கொடுக்க ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

பின் இருக்கை

என் மகன் வளர்ந்ததும் எடுத்துவைத்த குழந்தை இருக்கை இன்னும் கார் டிக்கியில் கிடந்தது. அதில் ஆரணியை உட்கார வைத்தோம். தலையை ஒரு பக்கமாகவே சாய்த்திருந்தாள். தாடையின் கீழே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு சுபாஜினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டாவது சிக்னல் தாண்டியதும் சுபாஜினி கேட்டாள்:

“டொக்டர் இங்கிலீஷில என்ன பேர் சொன்னவா?”

“ஸ்கார்லெட் ஃபீவர்.”

“ஸ்கார்லட் ஃபீவர்,” என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “இதை அப்பிடியே சொல்லியிருக்கலாமே. நான் போனில அடிச்சுப் பாத்திருப்பன்.”

“தமிழ்ல சொன்னா உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்.”

“எனக்குத் தமிழ் விளங்கும்,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “நீங்கள் சொன்னது எனக்குத் தெரிஞ்ச தமிழ் இல்லை. அதுதான் தெரிஞ்ச ஒண்டை நினைச்சுக்கொண்டன்.”

கண்ணாடியில் அவளைப் பார்க்கத் துணிவில்லாமல் சாலையையே பார்த்தேன்.

“தம்பிக்கு ஒன்பது வயசு,” என்றாள் கொஞ்சம் கழித்து. “இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். கண் மஞ்சளாயிட்டுது. ஆரோ ஒரு டொக்டர் வந்து குளிசை தந்தவர். அம்மா குடுத்தவ. மூண்டாம் நாள் போயிட்டான். குளிசையாலதான் எண்டு எல்லாரும் சொன்னவை. அம்மா சாகும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு இருந்தவ. நான் என்ர பிள்ளைக்கு அந்தப் பிழையை விடக் கூடாது எண்டுதான் மருந்தை எடுத்து வைச்சனான்.”

என்னால் காரை ஓட்ட முடிந்தது. அதைத் தவிர வேறெதுவும் முடியவில்லை.

மருத்துவமனையில் தாளைப் பார்த்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர் அல்ல, கூட வந்த ஆள். அவர்கள் ஒரு வீடியோ திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒரு பெண் தமிழில் பேசினார்.

“பிள்ளைக்கு ஸ்கார்லட் ஃபீவர் எண்டு சொல்லுகினம். தொண்டையில கிருமி பிடிச்சு, காய்ச்சலோட உடம்பில சிவப்பாப் போடுற வருத்தம். விளங்குதோ?”

“ஓம்,” என்றாள் சுபாஜினி.

அவ்வளவுதான். பத்துப் பதினைந்து சொற்கள். அழகில்லை, சுருக்கமில்லை, கலப்பும் இருந்தது. நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்டைக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு, மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூச்சுக் குழாயை அடைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைத் திரையிலிருந்த பெண் எதையும் மென்மையாக்காமல் மொழிபெயர்த்தார். நான் அதையும் கேட்டேன்.

மாலையில் கணவர் வந்தார். கிடங்கு வேலைக்குப் போடும் பளிச்சென்ற மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை. மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவா ஆர்?”

சுபாஜினி என்னைப் பார்த்தாள். எது வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நின்றேன்.

“திங்கக்கிழமை மொழிபெயர்க்க வந்தவா,” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

நடந்ததை நானே அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “நீங்கள் இப்ப போங்கோ,” என்றார். போனேன்.

படிவம்

படிவத்தில், ‘நிகழ்வைச் சுருக்கமாக விவரிக்கவும்’ என்று ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். நான் தனித்தாள் இரண்டு இணைத்தேன். காரில் ஏற்றிப் போனதையும் எழுதினேன். அதை எழுதாதே என்று ஜெயந்தி சொன்னாள். யாருக்கும் தெரியாது, நர்ஸும் சொல்லப்போவதில்லை. ஒன்றை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று மாதம் என்னைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இரண்டு நாள் பயிற்சிக்கு மறுபடி வரச் சொன்னார்கள். அதிகமில்லை என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆரணி மூன்று நாளில் வீடு திரும்பிவிட்டாள் என்று மட்டும் நிறுவனம் தெரிவித்தது. அதைக்கூடச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

அந்த மூன்று மாதத்தில் ஜெயந்தியோடு உட்கார்ந்து நோய்ப் பெயர்களை மட்டும் தனியாக எழுதினேன். சின்னமுத்து என்றால் தட்டம்மை, கொப்புளிப்பான் சின்னம்மை, கூகைக்கட்டு பொன்னுக்குவீங்கி, முட்டு ஆஸ்துமா. மஞ்சள் நோய்க்கு ஏன் செங்கண் என்று பெயர் வந்தது என்று அவளைக் கேட்டேன். “எனக்கென்ன தெரியும்?” என்றாள். செம்பொன்னைப் பற்றி ஒரு விளக்கம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு, தெரியாத சொல் வந்தால் கையைத் தூக்கப் பழகினேன். முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காவல்

கோடை வந்து, மரமெல்லாம் இலை விட்ட பிறகு ஒருநாள் நிறுவனத்திலிருந்து அழைப்பு. டோர்செட் பார்க்கில் ஒரு வேலை, தாய் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார் என்றார்கள். என்னைத்தானா, பெயரைச் சரியாகப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு, உங்களைத்தான் என்றார்கள்.

ஆரணி வளர்ந்திருந்தாள். முன்பற்கள் இரண்டைக் காணோம். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. காத்திருக்கும் அறையில் மீன் தொட்டிக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு மீனுக்கும் ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

நோயாளியோடு தனியாகப் பேசக் கூடாது என்பது விதி. என்றாலும் கேட்டேன்.

“ஏன் என்னைக் கேட்டீங்க? உங்க ஊர்ப் பேச்சு நல்லாத் தெரிஞ்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.”

“தெரியும். ரெண்டு தரம் வேற ஆக்கள் வந்தவை. நல்லாத்தான் சொன்னவை,” என்றாள் சுபாஜினி. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். “ஆனா அவை எங்க பிழை விடப்போகினம் எண்டு நான் காவல் இருக்க வேண்டிக் கிடக்கு. நீங்கள் ஒருக்கா விட்டிட்டீங்கள். இனி நீங்களே காவல் இருப்பீங்கள்.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உள்ளே அதே டாக்டர். தொண்டையைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் டான்சிலை ஒரு நிபுணர் பார்த்தால் நல்லது என்றார்.

நான் கையைத் தூக்கினேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் தலையசைத்தார்.

என் தொண்டையின் இரண்டு பக்கமும் விரலை வைத்துக் காட்டி, “டான்சில்னு சொல்றாங்க,” என்றேன். “இதை நீங்க என்னன்னு சொல்வீங்க?”

சுபாஜினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“ரொன்சில்,” என்றாள். “வேற என்ன சொல்லுறது?”

அப்படியே சொன்னேன்.